படங்கள் எங்கேயும் போகவில்லை, முகவரிதான் மாறியிருக்கிறது

இரவு பத்தரை மணிக்கு ஒரு போன். இளம் புகைப்படக்காரர் ஒருவர். அழுகை தொண்டையில் முட்டிக்கொண்டிருந்தது. "அண்ணா, ஆறு வருஷப் படமும் போச்சுண்ணா. லைட்ரூம்ல எல்லா ஃபோல்டர்லயும் கேள்விக்குறி காட்டுது."

"பதறாதீங்க தம்பி. கேள்விக்குறி வந்ததுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் திரும்ப இம்போர்ட் பண்ணிட்டேன்."

புகைப்படக்காரர்களின் படக் களஞ்சியங்களை ஒழுங்குபடுத்தித் தருவதுதான் என் வேலை. இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கேள்விக்குறி வந்தபோது அவர் எதையும் இழந்திருக்கவில்லை. பயத்தில் செய்த அந்த இம்போர்ட்தான் சிக்கலைக் கொண்டுவந்தது.

லைட்ரூம் கிளாசிக் என்பது படங்களை அடுக்கிவைக்கவும் எடிட் செய்யவும் உதவும் அடோபி மென்பொருள். இம்போர்ட் என்றால் படங்களை அதன் கேட்டலாக்கில், அதாவது அதன் பட்டியலில், சேர்ப்பது. அந்தக் கேட்டலாக்குக்குள் படங்கள் இருப்பதில்லை. அது எஸ்க்யூலைட் வகைத் தரவுத்தளம். எந்தப் படம் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், எந்தப் பெயரில் இருக்கிறது, அதற்கு என்னென்ன எடிட் செய்தோம், எத்தனை நட்சத்திரம் கொடுத்தோம் என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கும். நம் தம்பியின் ஹார்டு டிஸ்க் பழைய லேப்டாப்பில் எஃப் டிரைவ். புதுக் கணினியில் செருகியதும் ஜி டிரைவ் ஆகிவிட்டது. கேட்டலாக் பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டியது, ஆள் இல்லை, கேள்விக்குறி போட்டது. அவ்வளவுதான் நடந்தது.

மறுபடி இம்போர்ட் செய்ததும் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பதிவுகள் ஆகிவிட்டன. ஒன்றில் ஆறு வருட உழைப்பு இருந்தது, படம் கிடைக்கவில்லை. இன்னொன்றில் படம் இருந்தது, உழைப்பு இல்லை. நல்லவேளையாக முந்தின நாள் எடுத்த கேட்டலாக் பேக்கப் இருந்தது. அதைத் திறக்கும் முன், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த ஹார்டு டிஸ்க்குக்கு எஃப் என்ற எழுத்தையே திரும்பக் கொடுக்கச் சொன்னேன். கேட்டலாக் திறந்தது. ஒரு கேள்விக்குறிகூட இல்லை. மறுமுனையில் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஆகவே விண்டோஸில் படங்கள் இருக்கும் ஒவ்வொரு டிரைவுக்கும் நீங்களே ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். வரிசையில் பின்னால் வரும் எழுத்தாக இருக்கட்டும். அப்போதுதான் நாளை செருகும் பென் டிரைவ் அந்த இடத்தைப் பிடிக்காது. எல்லாக் கணினியிலும் அதே எழுத்து. மேக்கில் டிரைவின் பெயர்தான் முகவரி, எனவே இரண்டு டிரைவுக்கு ஒரே பெயர் வைக்காதீர்கள், வைத்த பெயரை மாற்றாதீர்கள். ஃபோல்டரையே வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டீர்கள் என்றால் கேள்விக்குறி உள்ள ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' கொடுத்துப் புது இடத்தைக் காட்டுங்கள். மேல்மட்ட ஃபோல்டருக்குக் காட்டினால் உள்ளிருப்பவையும் சேர்ந்தே வந்துவிடும்.

இனி, அடிக்கடி வரும் கேள்வி: வீட்டில் ஒரு பெரிய கணினி, வெளியே போகும்போது லேப்டாப். கேட்டலாக்கை எங்கே வைப்பது?

என் பதில் ஒன்றுதான்: எத்தனை கணினி இருந்தாலும் உயிருள்ள கேட்டலாக் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அதை வேகமான சிறிய எஸ்எஸ்டி ஒன்றில் வைத்து, எந்தக் கணினியில் வேலையோ அதில் செருகிக்கொள்ளுங்கள். கனமான ரா ஃபைல்கள், அதாவது கேமரா பதிவுசெய்த அசல் படங்கள், பெரிய ஹார்டு டிஸ்க்கிலேயே கிடக்கட்டும். புறப்படும் முன் வேண்டிய படங்களுக்கு ஸ்மார்ட் ப்ரிவ்யூ உருவாக்கிக்கொண்டால் போதும். நீளப் பக்கம் 2560 பிக்சல் உள்ள சிறு பிரதிகள் அவை. அசல் டிரைவ் கையில் இல்லாமலே எடிட் செய்யலாம். திரும்பி வந்து செருகியதும் அந்த எடிட் அசலுக்குப் பொருந்திக்கொள்ளும்.

"நெட்வொர்க் டிரைவில் வைத்து இரண்டு கணினியிலும் திறக்கலாமே?" என்பார்கள். படங்களை அப்படி வைக்கலாம். கேட்டலாக்கை நெட்வொர்க் டிரைவிலிருந்து திறக்க லைட்ரூம் விடாது. கிளவுடோடு தானாக ஒத்திசையும் ஃபோல்டரில் கேட்டலாக்கை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். லேப்டாப்பில் வேலை முடித்து, அது முழுதாக மேலேறும் முன் மூடிவைத்துவிட்டு, வீட்டுக் கணினியில் பழையதைத் திறந்து இன்னும் நான்கு படம் திருத்துவீர்கள். இரண்டு பக்கமும் மாறிய பிறகு கிளவுட் சேவை இரண்டு பிரதிகளை உண்டாக்கி வைக்கும். எதில் எது இருக்கிறது என்று பிரித்தெடுக்க எனக்கு ஒரு முழு நாள் போயிருக்கிறது. பயணத்துக்குத் தனிக் கேட்டலாக் வேண்டுமென்றால் முறையாகச் செய்யுங்கள்: வேண்டிய ஃபோல்டரை 'எக்ஸ்போர்ட் ஆஸ் கேட்டலாக்' மூலம் பிரித்து எடுத்துச்செல்லுங்கள், திரும்பியதும் 'இம்போர்ட் ஃப்ரம் அனதர் கேட்டலாக்' மூலம் தாய்க் கேட்டலாக்கில் சேருங்கள், சேர்ந்ததைச் சரிபார்த்த பின் பயணப் பிரதியை அழித்துவிடுங்கள். இடைப்பட்ட நாட்களில் அந்தப் படங்களைத் தாய்க் கேட்டலாக்கில் தொடவே கூடாது.

கேட்டலாக்கை நகலெடுக்கும்போது முழு ஃபோல்டரையும் எடுங்கள். புதிய பதிப்புகளில் மாஸ்க் தரவுகள், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தத் தேர்ந்தெடுத்த விவரங்கள், முதன்மை ஃபைலான எல்ஆர்கேட்டின் அருகில் தனியாக இருக்கின்றன. எல்ஆர்கேட் ஃபைலை மட்டும் தூக்கிப்போனால் அவை வராது. விண்டோஸ், மேக் இரண்டுக்கும் இடையே அலையும் டிரைவை, இரண்டுமே படிக்கும் எக்ஸ்ஃபேட் என்ற சேமிப்பு முறையில் ஃபார்மேட் செய்வது வழக்கம். வசதிதான், ஆனால் எழுதும் நேரத்தில் பிடுங்கினால் தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் பதிவேடு அந்த முறையில் கிடையாது. இஜெக்ட் கொடுக்காமல் ஒருபோதும் கழற்றாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆப்பிளின் அபெர்ச்சர் மென்பொருளில் வருடக்கணக்கில் உழைத்தவர்கள் உண்டு. 2014-இல் அதன் வளர்ச்சியை ஆப்பிள் நிறுத்திவிட்டது; மோஹாவிக்குப் பிந்தைய மேக்கில் அது ஓடுவதில்லை. பிக்காசா என்ற தன் பட மென்பொருளை 2016-இல் கூகுள் நிறுத்தியது. நாம் நம்பியிருக்கும் மென்பொருளும் ஒருநாள் நின்றுபோகலாம். அதனால் எடிட், கீவேர்டு, ரேட்டிங் ஆகியவற்றை எக்ஸ்எம்பி என்ற குறிப்பு வடிவிலும் எழுதும் அமைப்பை இன்றே இயக்குங்கள். ரா ஃபைலின் பக்கத்திலேயே ஒரு சிறு துணை ஃபைல் உட்கார்ந்துகொள்ளும். 2012 முதல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமாக இருக்கும் வடிவம் அது. கீவேர்டையும் ரேட்டிங்கையும் மற்ற மென்பொருள்களும் படிக்கும். எடிட் அமைப்புகள் மட்டும் அடோபி மென்பொருள்களுக்கே முழுதாகப் புரியும். கலெக்ஷன்கள் எனும் படத் தொகுப்புகள், ஒரே படத்துக்கு வேறு எடிட் வைத்துப் பார்க்கும் விர்ச்சுவல் காப்பிகள், எடிட் வரலாறு ஆகியவை எக்ஸ்எம்பியில் போகாது, அவற்றுக்குக் கேட்டலாக் பேக்கப்தான் கதி. நம் தம்பி எக்ஸ்எம்பியை இயக்கியிருந்தால், அன்று மறுபடி இம்போர்ட் செய்தபோதுகூட எடிட்கள் கூடவே வந்திருக்கும்.

பேக்கப் விஷயத்தில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லைட்ரூம் மூடும்போது "பேக்கப் எடுக்கவா?" என்று கேட்கிறதே, அது கேட்டலாக்கை மட்டுமே எடுக்கும், ஒரு படத்தையும் எடுக்காது. படங்களுக்கு, புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 கணக்கையே நான் சொல்வேன்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு என்பது பேக்கப் ஆகாது. நீங்கள் தவறுதலாக அழித்தால் அதிலுள்ள எல்லா டிஸ்க்கிலும் அழியும்.

அந்தத் தம்பி இப்போது மாதம் ஒருமுறை பேக்கப் டிரைவைச் செருகி, ஏதாவது ஒரு பழைய வருட ஃபோல்டரிலிருந்து பத்து ரா ஃபைல்களைத் திறந்து, நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிறார். போன மாதம் அதில் ஒன்று பாதியில் சாம்பல் பட்டையாகத் தெரிந்தது. இரண்டாவது பிரதியில் அதே ஃபைல் நன்றாக இருந்ததால், அதிலிருந்து எடுத்து மாற்றிவிட்டு, சந்தேகப்பட்ட டிரைவை அன்றே ஓரம்கட்டிவிட்டார்.