ஜரிகைக் கோட்டு சரி, கையில் இருக்கும் சீட்டு?

சினிமா ஆர்ட் டிபார்ட்மெண்டில் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு இது. 1800ஐ ஒட்டி நடக்கும் கதை. கம்பெனி அதிகாரிகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் விஸ்ட் என்ற சீட்டாட்டம் ஆடுகிறார்கள். மேசை, கோப்பை எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன். சீட்டுக்கட்டை மட்டும் பெட்டிக்கடையில் வாங்கி, டீத்தண்ணியில் நனைத்துப் பழசாக்கினேன். க்ளோஸப்பில் மானிட்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ராஜாவின் மூலையில் பளிச்சென்று ‘கே’.

மூலையில் எண்ணும் எழுத்தும் அச்சிடுவது 1870களில்தான் பரவியது. அதற்கு முன் சீட்டின் நடுவே உள்ள புள்ளிகளைப் பார்த்துத்தான் ஆடவேண்டும். ஆகவே ஒரு கையில் நெருக்கி விசிறி பிடிக்கும் இன்றைய ஸ்டைலும் தப்பு. அகலமாக விரித்துப் பிடிக்க வேண்டும். ராஜா, ராணிக்கு அப்போது ஒரே தலை, முழு உருவம். தலைகீழாக வந்தால் திருப்பி வைப்பார்கள். எதிரே இருப்பவன் அதைக் கவனித்தால் படச்சீட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். நல்ல நடிகருக்கு இது போதும், வசனமே வேண்டாம்.

இங்கிலாந்துச் சீட்டின் பின்பக்கம் அப்போது வெறும் வெள்ளை. அதில் அழைப்பிதழ்கூட எழுதி அனுப்புவார்கள். ஸ்பேட் ஏஸ் வரி கட்டியதற்கு அடையாளம். கள்ள ஏஸ் அச்சடித்த ஒருவரை 1805இல் தூக்கில் போட்டார்கள். ஜோக்கர் 1860களின் அமெரிக்கச் சரக்கு, அதைக் கட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அப்புறம் டாரட், இன்று ஜோசியம் பார்க்க விரிக்கும் சீட்டு. பழைய ஐரோப்பியக் கதை என்றாலே இயக்குநர்களுக்கு ஒரு ஜோசியக்காரி வேண்டும். அவள் கையில் ஆன்லைனில் வாங்கிய ‘ரைடர்’ என்ற டாரட் கட்டு இருக்கும். அந்தப் படங்களை பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, லண்டனில் வெளிவந்தது 1909இல்! டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், அதுவும் துருப்பு (மற்றச் சீட்டுகளை வெட்டும் சீட்டு) இறக்கிப் பிடி எடுக்கும் விளையாட்டாக. மொத்தம் 78 சீட்டு, அதில் 21 நிரந்தரத் துருப்பு. 1781இல் பாரிஸில் கூர் தெ ஜெபலான் என்ற எழுத்தாளர் அதை எகிப்திய ஞானநூல் என்று எழுதிய பிறகுதான் ஜோசியப் பெயர் பரவியது. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் சும்மா ஆடுகிறார்கள்.

1750இன் மிலான் வரவேற்பறை என்றால் நான் இப்போது கேட்பது இதைத்தான்: ஜோசியம் வேண்டாம் சார், மேசையைச் சுற்றி நாலு பேரை உட்காரவையுங்கள். ஒருத்தி 13ஆம் எண் மரணத் துருப்பைப் போட்டு எதிராளியின் ராஜாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கட்டும்.