ஸ்லொட்டில் ஏறினால் போதும் என்று கார்ட் வாங்காதீர்கள்

பம்பலப்பிட்டியில் நான் கணினி திருத்தும் மேசைக்கு இந்த வாரமும் அதே கதைதான் வந்தது. ஒரு ஏஎல் மாணவன், பழைய ஆபிஸ் டவர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்து, வீட்டில் கெஞ்சி வாங்கிய காசில் கிராபிக்ஸ் கார்டும் போட்டிருக்கிறான். பவர் சப்ளையில் கார்டுக்கான 8 பின் வயர் இல்லாததால் ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரில் ஒரு அடாப்டரைக் கொழுவியிருந்தான். கழற்றப் போனால் பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, பின்னோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

"அண்ணா, ஸ்லொட்ல சரியாத்தானே இருந்தது?"

இந்தக் கேள்விதான் எனக்குக் கோபத்தைக் கிளப்புகிறது. கார்ட் ஏறும் ஸ்லொட்டின் தரமான பிசிஐ எக்ஸ்பிரஸில் பழைய மதர்போர்டில் புதுக் கார்டும் புதுப் போர்டில் பழைய கார்டும் ஏறும், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே ஏறியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நீளமான ஸ்லொட் எல்லாம் 16 லேன், அதாவது டேட்டா ஓடும் 16 பாதை, உள்ள ஸ்லொட்டும் இல்லை. பல போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லொட்டுக்கு 4 லேன்தான் வரும், டோர்ச் அடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உள்ளே பின்னே இருக்காது. கார்டிலும் இதே ஏமாற்றம் உண்டு. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கிராபிக்ஸ் கார்டின் ஸ்லொட்டில் ஏறும் பகுதி பார்வைக்கு முழு நீளம், ஓடுவது 4 லேனில். பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறைப் போர்டில் சமாளிக்கும், மூன்றாம் தலைமுறைப் போர்டில் போட்டால் அந்த 4 லேனின் வேகம் பாதியாகிவிடும், அதிலும் 4 ஜிபி கார்ட் என்றால் கேமில் நன்றாகவே திணறும். கேப்சர் கார்ட், நெட்வர்க் கார்ட் போடுகிறவர்கள் மெனுவலில் இன்னொன்றையும் பாருங்கள்: சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகக் கொழுவும் சின்ன டிஸ்க்) போட்டதும் ஒரு ஸ்லொட் செத்துவிடும். போர்ட் பழுதென்று தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

இனி கரண்ட். ஸ்லொட் தருவது அதிகபட்சம் 75 வாட், 8 பின் வயர் 150 வாட். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் தாங்குவதோ 54 வாட்தான். 150 கேட்கும் இடத்துக்கு 54ஐக் கொடுத்தால் உருகாமல் என்ன செய்யும்? அந்த அடாப்டரை தயவுசெய்து வாங்காதீர்கள், சும்மா கிடைத்தாலும் வேண்டாம். சிபியுவுக்குப் போகும் 8 பின்னையும் அமுக்கிக் கார்டுக்குள் ஏற்றாதீர்கள், அதில் பிளஸ் மைனஸ் தலைகீழ்.

கடைக்குப் போகுமுன் மதர்போர்ட் மொடலை எழுதி எடுங்கள். பவர் சப்ளை லேபலை போனில் படம் பிடியுங்கள், மொத்த வாட்டை விட்டுவிட்டு கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். கேஸிங்குக்குள் கார்டுக்கு இருக்கும் இடத்தின் நீளத்தை அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். கார்ட் விற்கும் தம்பிமாரே, பில் போடுமுன் "என்ன பவர் சப்ளை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு கார்ட் வாங்க வீட்டில் காசில்லை.