தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா

போன வாரம் கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு மீனவ கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தேன். 55 வயது அம்மா ஒருவர் பெயரில் 40,000 ரூபாய் உள்கடன், அதாவது குழுவே தன் உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன், எழுதியிருந்தது. அவர் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் தீர்மான நோட்டில் இருந்த கையெழுத்து அவருடையதுதான்.

"படிச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"நோட்டு எங்கிட்ட வர்றப்ப எல்லாரும் எழுந்து பாயைச் சுருட்டிட்டு இருப்பாங்க மேடம். போடுன்னாங்க, போட்டேன்."

வழக்கமாக எங்கே உட்காருவீர்கள் என்றதும் தூணைக் காட்டினார். விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தெருத்தெருவாக விற்று முடித்து, அன்னக்கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு அவர் உள்ளே வரும்போது நாலு வரிசையும் நிரம்பியிருக்கும். சேலை வேறு நனைந்திருக்கும். பாய் ஈரமாகிவிடுமே என்று தூணுக்குப் பின்னால் வெறும் தரையில் உட்கார்ந்துகொள்வார். மூன்று வருடமாக இப்படித்தான்.

இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது சம்பவம் இது. பணம் யாரிடம் போனது, எப்படித் திரும்ப வரும் என்பதை ஊராட்சி அளவிலான குழுக்களின் கூட்டமைப்பு பார்த்துக்கொள்ளட்டும். எனக்குக் கோபம் வந்தது குழுக் கூட்டத்தை நடத்தும் ஊக்குநர் சொன்ன பதிலைக் கேட்டு: "அந்தக்கா எப்பவும் அப்படித்தான் மேடம். வாயே தொறக்காது. கூச்ச சுபாவம்."

17 வருடமாகக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பண்ருட்டியில் கேட்டேன், குறிஞ்சிப்பாடியில் கேட்டேன், பாகூரில் கேட்டேன், எல்லா இடத்திலும் இதே வசனம்தான். எங்க பொம்பளைங்க பேச மாட்டாங்க. படிக்காதவங்க. பயந்தவங்க.

பயந்தவரா? காலை ஐந்து மணிக்குத் துறைமுகத்துக்கு வந்து பாருங்கள். கூடைக்கு இருபது ரூபாய் ஏற்றிச் சொன்ன வியாபாரியிடம் அதே அம்மா போடும் சண்டை சிங்காரத்தோப்பு வரை கேட்கும். காலையில் இல்லாத கூச்சம் மத்தியானம் மூன்று மணிக்கு எங்கிருந்து வந்தது? ஏலத்தில் மீனை நடுவில் கொட்டி எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். கூட்டத்தில் அவர் கண்ணுக்குத் தெரிவது முன்னால் இருப்பவரின் கொண்டை. கொண்டையிடம் யார் பேசுவார்கள்? அதனால்தான் வரிசையை விட்டு வட்டமாக உட்காருங்கள் என்கிறேன்.

வரிசையில் உட்கார்ந்தவர் வாய் திறக்க என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று யோசியுங்கள். முதலில் எழுந்து நிற்க வேண்டும். முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் அவர் என்ன சொன்னாலும் அது பேச்சாகிவிடும், கொஞ்சம் குரல் உயர்ந்தால் தகராறாகிவிடும். கணக்கு விஷயத்தில் ஒருவரைக் காப்பாற்றுவது பெரிய பேச்சா என்ன? "எவ்வளவு?" "யாருக்கு?" "எப்போ?" இந்த மாதிரி ஒற்றை வார்த்தைக் கேள்விகள்தான். ஒற்றை வார்த்தைக்காக யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். வட்டத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுவிடலாம். சேமிப்புப் பணத்தை நடுவில் வைத்து எண்ணும்போது இருபது ஜோடிக் கண் பார்க்கிறது. நோட்டு நடுவில் திறந்தே கிடக்கிறது. இதைவிட மலிவான தணிக்கை எனக்குத் தெரிந்து கிடையாது.

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதுச்சேரி இலாசுப்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்துக்குத் தெரிந்தவர் ஒருவர் அழைத்துப் போனார். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள், பொறியாளர்கள். நாற்காலிகள் வரிசையாக, முன்னால் ஒரு மேசை. ஒன்றரை மணி நேரத்தில் பேசியவர்கள் மூன்றே பேர். முடிந்து டீ வந்தது. கப்பைக் கையில் வாங்கியதும், யாரும் சொல்லாமலே, வட்டமாக நின்றுகொண்டு லிஃப்ட் பராமரிப்புச் செலவைப் பற்றிப் பிய்த்து உதறினார்கள். கூட்டமே அப்போதுதான் நடந்தது. தீர்மானப் புத்தகத்தை அதற்கு முன்பே மூடிவிட்டார்கள்.

இன்னொரு சாக்கு மரியாதை. "அதிகாரி வர்றார், கீழே வட்டமா உட்கார வைக்கலாமா?" வைக்கலாம். உட்காரும் ஏற்பாடு அற்ப விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வியட்நாம் போரை நிறுத்தப் பாரீசுக்குப் பேச வந்தவர்கள், மேசை என்ன வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதிலேயே வாரக்கணக்கில் இழுத்தார்கள். 1969 ஜனவரியில்தான் வட்ட மேசைக்கு ஒத்துக்கொண்டார்கள். வெளியே சண்டை நடந்துகொண்டேதான் இருந்தது. மேசையின் தலைப்பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதன் அர்த்தம் பதவியில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதது போல் நடிப்பார்கள்.

வட்டம் மந்திரக்கோல் என்று நான் சொல்ல வரவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் குழு ஒன்று. ஓட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்திருக்கும். வட்டமாக உட்காரச் சொன்ன முதல் நாள் எல்லோரும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள். பணம் எண்ண ஒரு பெண் கையை வெளியே எடுத்தார், பிறகு ஒவ்வொருவராக எடுத்தார்கள். எனக்கு மனசு நிறைந்துதான் போனது. அப்புறம் கவனித்தேன், வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு முழம் இடைவெளி. அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். ஏன் என்று கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வரிசையில் அந்த ஒரு முழம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அது மூட ஒன்றரை வருடம் ஆனது.

சரி, இனி செய்ய வேண்டியது. அரை வட்டம் போட்டு எதிரில் மேசை போடாதீர்கள், அது வளைந்த வரிசை. மேசையை வெளியே தள்ளுங்கள். எல்லோரும் பாயில், தலைவி மட்டும் நாற்காலியில் என்றால் அதுவும் வட்டமாகாது. முட்டி வலி உள்ளவருக்குக் கட்டாயம் நாற்காலி கொடுங்கள், ஆனால் வட்டத்துக்குப் பின்னால் போடாமல் வட்டத்திலேயே போடுங்கள். தூண் இருக்கும் கூடம் என்றால் வாசல் வராந்தாவுக்கோ வேப்பமரத்தடிக்கோ போய்விடுங்கள். குழுவில் 12 முதல் 20 பேர்தான், ஒரே வட்டத்தில் தாராளமாக அடங்கும். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தால் இரண்டாம் சுற்றுப் போடாதீர்கள், இரண்டாம் சுற்றில் உட்கார்ந்தவருக்குத் தெரிவது மறுபடியும் கொண்டைதான். நாலு வட்டமாகப் பிரித்துப் பேசிவிட்டுப் பிறகு ஒன்று சேருங்கள்.

ஊக்குநர்களுக்குத் தனியாக ஒன்று. பேசாத உறுப்பினரைப் "பக்கத்துல வச்சுப் பாத்துக்கறேன்" என்று அருகில் உட்கார வைக்கிறீர்கள். நல்ல மனசுதான், ஆனால் பலன் நேர்மாறு. வட்டமாக உட்கார்ந்து பேசும் குழுக்களைக் கவனித்த பெர்னார்ட் ஸ்டெயின்சர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950-இலேயே எழுதிவிட்டார்: ஒருவர் பேசி முடித்ததும் அடுத்துப் பேசுவது பக்கத்தில் இருப்பவரைவிட எதிரே இருப்பவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே அவரை உங்களுக்கு நேர் எதிரே உட்கார வையுங்கள். வாராவாரம் வேறொருவரிடமிருந்து பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அதைத் தீர்மானம் என்று எழுதுவீர்கள். வீட்டுப் பிரச்சினை ஏதாவது வந்து, ஒருவர் இன்றைக்குப் பேசப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். கையெழுத்து மட்டும் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே, தீர்மானத்தைச் சத்தமாக வாசித்த பிறகு. எழுந்த பிறகு நோட்டு யார் கைக்கும் போகக் கூடாது.

அப்புறம், தாமதமாக வருபவர்கள். தயவுசெய்து, அம்மாக்களே, கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள். பாய் நனைந்தால் காய்ந்துவிடும்.

வரும் வியாழக்கிழமை அதே கிராமத்துக்கு மறுபடி போகிறேன். மூன்று மணிக் கூட்டத்தை நாலரைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன், கூடையைக் காலி செய்துவிட்டு அந்த அம்மா வருவதற்காக. ஊக்குநர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. நாற்காலி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.