மலையைத் தலைகீழாகப் படிப்பது

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால், அலை கரையை அரித்து மணலில் இடுப்புயரத்துக்கு ஒரு படி வெட்டி வைத்திருப்பதைச் சில வருஷங்களில் பார்க்கலாம். பையன்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஓடிவந்து குதிப்பார்கள். போன பொங்கல் லீவில் என் அக்கா மகனும் குதித்தான். முதல் தடவை, படியின் அடியில் சரிந்து கிடந்த மணலில் விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்தான். அடுத்த தடவை இன்னும் வேகமாக ஓடிவந்ததில் அந்தச் சரிவைத் தாண்டிப்போய், அலை நனைத்து இறுக்கிய சமதரையில் விழுந்தான். அன்று முழுக்க நொண்டல்தான்.

ராத்திரி காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு போனில் ஒரு வீடியோ பார்த்தான். ஆல்ப்ஸ் மலையில் அவனைவிட இரண்டு மூன்று வயது பெரிய பெண் ஒருத்தி பனியில் சறுக்கி வருகிறாள், ஒரு பாறையிலிருந்து பறக்கிறாள், தரை தொட்டதும் ஒன்றுமே நடக்காததுபோலப் போய்க்கொண்டே இருக்கிறாள்.

"மாமா, இவளுக்கு மட்டும் ஏன் கால் வலிக்கல?"

அவள் செய்வதற்குப் பெயர் ஃப்ரீரைடு. ஒழுங்குபடுத்திய தடம், நட்டு வைத்த கொடிகள், இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய பனி எதுவும் இதில் கிடையாது. மேலே ஒரு தொடக்கம், கீழே ஒரு முடிவு. நடுவில் எந்த வழியாக வருவது என்பது அவரவர் பாடு. சுவிட்சர்லாந்தின் வெர்பியேவில், 3,223 மீட்டர் உயரமுள்ள பெக் தே ரோஸ் மலையில் 1996-இல் ஸ்னோபோர்டுக்காரர்கள் (இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்குபவர்கள்) தொடங்கிய போட்டிதான் இந்த விளையாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 2008-இல் அது உலகச் சுற்றுப்போட்டியாக வளர்ந்தது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2024-இல் இதைத் தன் விளையாட்டுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனிப் போட்டிகள் நடக்கின்றன. வட அமெரிக்காவில் 12 வயதிலேயே களம் இறங்கிவிடுகிறார்கள்.

சரி, கால் விஷயத்துக்கு வருவோம். விழுந்த உயரம் எவ்வளவு என்பதைவிட, விழும் திசைக்கும் தரைக்கும் நடுவே உள்ள கோணம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். சமதரையில் விழுந்தால் கீழே விழும் வேகம் மொத்தத்தையும் கால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சரிவில் விழுந்தால், தரையை நேராக மோதும் பங்கு மட்டுமே காலுக்கு. சரிவோடு ஓடும் பங்கு வேகமாகவே தங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிவு 40 டிகிரி, பாறை 2 மீட்டர், ஓடிவரும் வேகம் நொடிக்கு 5 மீட்டர். அதாவது தெருவில் சைக்கிள் மிதிக்கும் வேகம். காற்றுத் தடையை விட்டுவிடுவோம். அவள் 1.2 நொடி பறப்பாள். அதற்குள் சரிவும் கீழே கீழே போய்க்கொண்டிருப்பதால், தரை தொடும்போது 7 மீட்டர் இறங்கியிருப்பாள். நம்மூர் வீட்டின் இரண்டு மாடி! ஆனால் முழங்கால் தாங்க வேண்டியது, சமதரையில் 1.7 மீட்டரிலிருந்து குதிக்கும் அடியை மட்டும். மீதியெல்லாம் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமாக மாறி அவளைக் கீழே கொண்டுபோகும். போதாததற்குப் பனி அரை மீட்டர் ஆழம் அமுங்கிக் கொடுக்கும். ஈர மணல் இரண்டு விரல்கடை அமுங்கினாலே பெரிது. நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் பத்து மடங்கானால் காலில் ஏறும் விசை பத்தில் ஒன்றாகும். என் மருமகன் முதல் தடவை சிரித்ததற்கும் இரண்டாம் தடவை நொண்டியதற்கும் இதே கணக்குதான்.

அமுங்கும் பனி என்றதும் இன்னொரு சந்தேகம் வரும். அவ்வளவு மெத்தென்று இருந்தால் ஆளே உள்ளே போய்விட மாட்டாரா? நமக்குப் பனி என்றால் தலையில் துண்டு கட்ட வைக்கும் மார்கழிப் பனி. இது வேறு சரக்கு. புதிதாகப் பெய்த வெண்பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். உலர்ந்த மணல் 1,600 கிலோ. அந்தப் புதுப்பனியில் பெரும்பகுதி வெறும் காற்று. பூட்ஸ் காலோடு நடந்தால் இடுப்புவரை போகும். அதற்காகத்தான் காலுக்கு ஒன்றாக மாட்டிக்கொள்ளும் ஃப்ரீரைடு பலகைகள் அகலமாக, 10 சென்டிமீட்டர் அளவுக்கு, முன் நுனி மேல்நோக்கி வளைந்து இருக்கும். எடை பரவுவது பாதிக் காரணம். மீதிப் பாதி வேகம். கடலூர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஃபைபர் போட் முதலில் தண்ணீரை அழுத்திக்கொண்டு போகும். எஞ்சினை முறுக்கியதும் மூக்கைத் தூக்கி மேலேறி வழுக்கும் இல்லையா, பலகையும் பனியில் அப்படித்தான் ஏறி மிதக்கிறது. பயந்துபோய் மெதுவாக வந்தால் புதைவதுதான் நடக்கும்.

இதுவரை சொன்னது சந்தோஷமான பௌதிகம். இதே பனிக்கு இன்னொரு முகம் உண்டு.

அதே மணற்படியில் மழை பெய்த மறுநாள் கவனித்துப் பாருங்கள். மேல் மணல் ஈரத்தில் ஒட்டிக் கட்டியாக இருக்கும், உள்ளே காய்ந்த மணல். ஓரத்தில் கால் வைத்தால் பொலபொலவென்று உதிராது. ஒரு பாளமே விரிசல் விட்டு, அடி மணல் நழுவ, மொத்தமாகச் சாயும். பனிச்சரிவுகளில் ஆளைக் கொல்பவை பெரும்பாலும் இந்த வகை. மலையில் பனி ஒவ்வொரு புயலுக்கும் ஒரு அடுக்காகச் சேர்கிறது. தரையோரப் பனி உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்க, மேற்பரப்பு கடுங்குளிரில் கிடக்கும்போது, உள்ளே நீராவி கீழிருந்து மேலே நகர்கிறது. வழியில் பனித்துகள்கள் உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைபோல ஒரு அடுக்கு உருவாகிறது. அதன்மேல் காற்று கொண்டுவந்து இறுக்கிய பாளம் உட்கார்ந்தால் பொறி தயார். சறுக்குபவரின் எடை ஓரிடத்தில் அந்தச் சர்க்கரை அடுக்கை நொறுக்கினால் போதும், விரிசல் கண்மூடித் திறப்பதற்குள் சரிவு முழுக்க ஓடும்.

இதில் வில்லங்கம் என்னவென்றால், இப்படிப் பாளமாகச் சரிவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவில். அதைவிடத் தட்டையாக இருந்தால் பனி அசையாது. ரொம்பச் செங்குத்தாக இருந்தால் சேரும்போதே உதிர்ந்துவிடும். சறுக்குவதற்கு அருமையான சரிவும் இதே 30 முதல் 45 டிகிரிதான். அதனால் போட்டிக்கு முன்பே வல்லுநர்கள் பனியைத் தோண்டி அடுக்குகளைப் பார்க்கிறார்கள், தேவைப்பட்டால் வெடி வைத்து முன்கூட்டியே சரிய விடுகிறார்கள், பனி சரியில்லை என்றால் நாள் கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் புதைந்த இடத்தைக் காட்ட 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் விடும் கருவி, பனிக்குள் குத்தித் தேட மடக்குக் கம்பி, தோண்ட மண்வெட்டி மூன்றும் இருக்கும். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரமாகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் பலகையைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி மதிப்பெண். நடுவர்கள் எதிர்ப்பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். உலகச் சுற்றில் நூற்றுக்குப் போடுகிறார்கள். தேர்ந்தெடுத்த வழி, கட்டுப்பாடு, தடங்கல் இல்லாத ஓட்டம், பறத்தலும் அதன் அழகும், நுட்பம் என்று ஐந்தைப் பார்ப்பார்கள். நேரம் கணக்கில்லை. பெரிய பாறையில் குதித்துவிட்டுத் தடுமாறுகிறவனைவிட, நடுத்தரப் பாறையில் குதித்து நிற்காமல் ஓடுகிறவன் முந்திவிடுவான். எங்கே குதிக்கக்கூடாது என்று தெரிந்திருப்பதும் வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சேர்த்தி.

எனக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே அந்தத் தேர்வுதான். பெரிய போட்டிகளில் அந்த மலைமுகத்தில் முன்கூட்டிச் சறுக்கிப் பார்க்க விடமாட்டார்கள். கீழே நின்று பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். ஆனால் மேலே போனதும் இடம் வலமாகிவிடும். கீழிருந்து பளிச்சென்று தெரிந்த பாறை, மேலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை விளிம்பு, அதற்கப்பால் ஆகாயம். இறங்கும் இடம் கண்ணுக்கே படாது. அதனால் போட்டோ எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்து மனப்பாடம் செய்கிறார்கள். முக்கோணப் பாறைக்கு வலது பக்கம், ஒற்றை மரத்துக்கு நேர் கீழே, அப்புறம் இடது. ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் நம் மீனவர்கள் கரையில் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் போக்குப் பார்த்த அதே வித்தை. குதிக்கும் புள்ளி இரண்டு மீட்டர் தள்ளிப்போனாலும், மேலே போட்ட 40 டிகிரி கணக்கு அங்கே செல்லாது. சரிவு முடிந்து சமதரையோ பாறையோ இருக்கலாம்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன், பாதியில் தூங்கிவிட்டான். கால் சரியான பிறகு ஒரு சாயங்காலம் மறுபடி கடற்கரைக்குப் போனோம். இந்தத் தடவை நேராகப் படிமேல் ஏறவில்லை. அலையோரம் நின்று சரிவு எங்கே முடிகிறது என்று ரொம்ப நேரம் பார்த்தான். கிளிஞ்சல் ஒன்றை அடையாளத்துக்கு வைத்துவிட்டு மேலே ஏறி ஓரத்தில் நின்றான். கழுத்தை நீட்டினான், இரண்டடி தள்ளி நின்றான், மறுபடி நீட்டினான். பிறகு இறங்கி வந்து, "மாமா, மேல இருந்து கிளிஞ்சலே தெரியல" என்றான்.