சாவெல்லையா, காலக்கெடுவா?

"காலக்கெடுவைத் தாண்டிய கைதியைக் காவலாளி சுட்டுக் கொன்றான்." அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதில் இருந்த வரி இது. இதே பிழையை நான் பார்ப்பது மூன்றாவது முறை. படிப்பவர் என்ன நினைப்பார்? குறித்த நேரத்துக்குள் ஏதோ வேலையை முடிக்காத கைதியைச் சுட்டுவிட்டார்கள் என்றுதானே!

மூலத்தில் உள்ள சொல் 'டெட்லைன்'. இன்று அது நேரத்தைச் சொல்கிறது. 1864இல் இடத்தைச் சொன்னது.

அந்த வரி பேசும் இடம், ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லில் தென்தரப்பு அமைத்த போர்க்கைதி முகாம். பதினான்கு மாதங்களில் ஏறத்தாழ 45,000 வடதரப்பு வீரர்கள் அங்கே அடைபட்டார்கள். 13,000 பேர் வரை திரும்பவில்லை. சுற்றிலும் மரங்களை நெருக்கி நட்ட மதில். அதிலிருந்து சுமார் 19 அடி உள்ளே குட்டைக் கம்புகளை ஊன்றி, மேலே மரச்சட்டம் அடித்திருந்தார்கள். இதைத்தான் 'டெட்லைன்' என்றார்கள். அந்த மரச்சட்டத்தைத் தொட்டாலே சுடலாம். முகாமின் குறுக்கே ஓர் ஓடை. அது உள்ளே நுழையும் இடத்தில்தான் தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருக்கும். சட்டத்துக்கு அடியில் கையை விட்டு அந்தத் தண்ணீரை மொள்ளப் போனவர்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள்.

பின்னாளில் அச்சுக்கூடத்தில், எழுத்து பதியாத விளிம்பைக் காட்டும் கோட்டுக்கும் இந்தப் பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் செய்தித்தாள்காரர்கள் அதை நேரத்துக்கு ஏற்றினார்கள். அந்தப் பொருளுக்குக் 'காலக்கெடு' அருமையான சொல். தெலுங்கு, கன்னடக் 'கடுவு'க்கு உறவு என்பதால் 'கெடு' தூய தமிழ் இல்லை என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். கடன் கொடுத்தவர் கெடு வைப்பதும், கெடு தவறினால் வாசலில் வந்து நிற்பதும் நம் ஊர்ப் பேச்சு. அதை ஒதுக்க எனக்கு மனம் வராது.

சிறை முகாமின் சொல்லுக்குத்தான் தகராறு. சொல்லாக்கத்தில் ஆர்வமுள்ள ஒரு நண்பர் 'மரணக்கோடு' என்கிறார். ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, இரண்டு துண்டுக்கும் தனித்தனியே அகராதி பார்த்த வேலை. கோடு என்றால் தரையில் கிழித்தது. இங்கே யாரும் எதையும் கிழிக்கவில்லை. 'சாவு வேலி' என்றால் என்ன என்றார் இன்னொருவர். வேலி ஆளைத் தடுக்கும். முழங்கால், இடுப்பு உயரச் சட்டம் யாரையும் தடுக்காது, தடுத்தது துப்பாக்கி. அதோடு, அந்தச் சட்டம் எல்லா இடத்திலும் இருக்கவும் இல்லை. உள்முகாமின் பொறுப்பில் இருந்த கேப்டன் ஹென்றி விர்ஸ், சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், போருக்குப் பின் வாஷிங்டனில் இராணுவ விசாரணைக்கு நிறுத்தப்பட்டு 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான குற்றச்சாட்டிலேயே இது வருகிறது: பல இடங்களில் அது வெறும் கற்பனையான வரம்பு, வேறு பல இடங்களில் ஆடும் கம்புகள்மேல் அடித்த பலகைத் துண்டுகள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தாண்டியதற்கும் உயிர் போயிருக்கிறது. கண்ணில் படுவதற்கும் படாததற்கும் பொருந்துகிற சொல் தமிழில் 'எல்லை'. ஆகவே 'சாவெல்லை'. சொன்னவுடன் புரியும், வாயிலும் நிற்கும்.

அதே மொழிபெயர்ப்பில் ஆண்டர்சன்வில்லை 'வதைமுகாம்' என்று எழுதியிருந்தார்கள். அங்கே நடந்தது கொடுமைதான். ஆனால் எல்லா முகாமுக்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டால், போரில் பிடிபட்ட வீரர்களை அடைத்த இடம் எது, குடிமக்களை இனம் பார்த்து அடைத்துக் கொன்ற இடம் எது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? சொல் கனமாக இருந்தால் போதும் என்று மொழிபெயர்ப்பவர்கள் நினைக்கிறார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 'போர்க்கைதி முகாம்' என்று மாற்றினேன். முதல் வரியையும் திருத்தினேன்: "சாவெல்லையைத் தாண்டிய கைதியைக் காவலாளி சுட்டுக் கொன்றான்."