பதினொன்றாவது ஆள்

சனிக்கிழமை சாயங்காலம் என் கிளினிக்குக்கு இரண்டு பேர் சேர்ந்து வந்து, அதில் ஒருவர் நொண்டினால், கூட வந்தவர் ஹாக்கி டீம் கேப்டன் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்ததில் வந்த ஞானம் அது. அடிபட்டவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். கேப்டன்தான் பேசுவார்.

"சார், ஒரு டேப் மட்டும் இறுக்கமா ஒட்டி விடுங்க. நாளைக்கு ஒரு மேட்ச்தான். இவனை விட்டா பத்து பேருதான் இருக்கோம்."

போன மாதம் வந்த பையன் நடுவரிசையில் ஆடும் சென்டர் ஹாஃப். இடது கணுக்கால் வெளிப்பக்கம் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. அடிபட்டு மூன்று நாள். முதல் நாளே வீட்டில் எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள், மறுநாள் முட்டையும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டியதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. நீவியதில்தான் வருத்தம். ஜவ்வு கிழிந்து உள்ளே ரத்தம் கசியும் முதல் இரண்டு மூன்று நாட்களில் அழுத்தித் தேய்த்தால் வீக்கம் இன்னும் ஏறும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைப்பது, கிரேப் பேண்டேஜ் சுற்றுவது, காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது. அப்போதைக்கு அவ்வளவுதான் வேண்டும்.

எலும்பு உடைந்திருக்கிறதா என்ற சந்தேகத்துக்கு எல்லோரும் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு சோதனை உண்டு. அடிபட்ட காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடிகிறதா பாருங்கள். நொண்டினாலும் பரவாயில்லை. கணுக்கால் எலும்பின் பின்விளிம்பையும் நுனியையும், பாதத்தின் வெளிப்பக்கம் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பையும், உட்பக்கம் பாத வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ, அந்த எலும்புகளில் சுள்ளென்று வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இந்தப் பையன் நாலு எட்டும் வைத்தான், எலும்பிலும் வலி இல்லை. கேப்டன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ நாளைக்கு ஆடலாம்லா சார்?"

ஆட முடியாது. ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடச் சொன்னேன். வலது காலில் அரை நிமிடம் அசையாமல் நின்றவன், இடது காலில் மூன்று எண்ணுவதற்குள் என் மேஜையைப் பிடித்துவிட்டான். ஜவ்வு அடிபட்டால் வலி மட்டும் வருவதில்லை, கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குப் போகிற தகவலும் கெட்டுப்போகிறது. டேப் ஓரளவுக்குத் தாங்கும். ஆனால் குண்டும் குழியுமான தரையில் பந்தைப் பார்த்துக்கொண்டே திரும்பும்போது அந்தத் தகவலை டேப் தராது. கேட்டால், இது அவனுக்கு மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் இதே கதைதான், ஆள் இல்லை என்று பத்தே நாளில் இறங்கியிருக்கிறான்.

ஆள் பற்றாக்குறையைச் செயலாளர்கள் டீமின் கஷ்டமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது காயத்தின் காரணங்களில் ஒன்று. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை வெளியே எடுக்கலாம், மறுபடி உள்ளே விடலாம். ஓட்டம் அதிகமான ஆட்டத்துக்கு அது பெரிய உதவி. சர்வதேச ஆட்டத்தில் மாற்று ஆட்களும் சேர்ந்து மாறி மாறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், முன்வரிசையில் ஆடும் ஃபார்வர்டுகள் சில நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். நம் ஊரில் பதினோரு பேரோடு போன டீமில் அதே பதினோரு பேர் நாலு குவார்ட்டரும் சேர்த்து 60 நிமிடமும் ஓட வேண்டும். அதுவும் குனிந்துகொண்டே. மட்டையின் உருண்டையான பின்பக்கத்தால் பந்தைத் தொடக்கூடாது, இடதுகை மட்டை என்று ஒன்று கிடையவே கிடையாது. அதனால் எல்லோருடைய இடுப்பும் ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே இருக்கும். எப்போது அடிபட்டது என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "கடைசி குவார்ட்டர்ல சார்."

இத்தனைக்கும் ஹாக்கிக்குப் பேர் போன சீமை இது. 1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் சக்திவேல், அங்கே பயிற்சி எடுத்த கார்த்தி செல்வம் என்று இரண்டு பேர் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். பள்ளிக்கூடத்தில் ஆடும்போது ஆளுக்குக் குறைவில்லை. படிப்பு முடிந்ததும் பாதிப் பேர் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு. மிச்சம் இருப்பவர்களுக்கு ஷிப்ட். சித்திரை, வைகாசியில் ஊர்க் கோயில் திருவிழாவான கொடை வந்துவிட்டால் செவ்வாய்க்கிழமைக் கொடைக்கு ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், சாமி காரியத்துக்கு முன்னால் கேப்டன் என்ன பேச முடியும்?

அப்போதுதான் கேப்டன் பழைய ஆட்களுக்குப் போன் போடுகிறார். எனக்கு அதிகப் பயம் இவர்களைப் பற்றித்தான். நாற்பது வயது, கடையில் உட்கார்ந்த வேலை, மட்டையைத் தொட்டு இரண்டு வருஷம். முதல் பத்து நிமிடம் பழைய வேகம் ஞாபகத்துக்கு வரும். தசைக்கு அந்த ஞாபகம் இருக்காது. தொடையின் பின்பக்கம் சாட்டையால் அடித்த மாதிரி ஒரு வலி, அதுதான் ஹாம்ஸ்ட்ரிங் என்கிற பின்தொடைத் தசை கிழிவது. இந்தக் காயத்தில் ஒரு ஏமாற்று உண்டு. ஒரு வாரத்தில் நடக்கும்போது வலியே இருக்காது, சரியாகிவிட்டது என்று இறங்குவார்கள், முதல் முழு ஓட்டத்தில் அதே இடம் மறுபடி கிழியும். ஒரு தடவை கிழிந்த ஹாம்ஸ்ட்ரிங்தான் மறுபடி கிழிய அதிக வாய்ப்புள்ளது. முழு வேகத்தில் முப்பது மீட்டரை நாலைந்து தடவை தயக்கமே இல்லாமல் ஓட முடிந்தால், அதையே இரண்டு நாள் கழித்தும் செய்ய முடிந்தால், அப்புறம் மேட்ச்சைப் பற்றிப் பேசலாம்.

தொடையை விடுங்கள், நெஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டி, சுகரோ பிரஷரோ இருந்து, கொஞ்சகாலம் ஓடாமல் இருந்தவர் நேராக மேட்ச்சில் இறங்கக்கூடாது. டாக்டரைப் பார்த்து, மூன்று நாலு வாரம் நடையும் ஓட்டமுமாகப் பழகிவிட்டு வாருங்கள். ஓடும்போது நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தாலோ, இடது தோள், தாடை பக்கம் வலித்தாலோ வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு ஓடாதீர்கள்.

வலி மாத்திரை விஷயமும் அப்படித்தான். மேட்ச்சுக்கு அரை மணி முன்னால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது சகஜமாகிவிட்டது. மே மாத வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல். போதாக்குறைக்கு, நிற்கச் சொல்லும் வலியையும் அமுக்கிவிடுகின்றன.

கோல் கீப்பர் வராத அன்று நடப்பது தனிக் கூத்து. பின்வரிசையில் ஆடும் யாராவது ஒரு ஃபுல் பேக்கின் தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, தொளதொளவென்ற பேடைக் கட்டி நிறுத்திவிடுவார்கள். கீப்பரே இல்லாமல் பதினோரு ஆட்டக்காரர்களோடு ஆடவும் விதியில் இடமுண்டு. ஆனால் பெனால்டி கார்னரில், அதாவது நாம் செய்த தவறுக்காக எதிரணிக்கு நம் கோல் பக்கத்தில் கிடைக்கும் வாய்ப்பில், 160 கிராம் சுமாரான பந்து கல் மாதிரி வரும். தடுக்க நிற்பவர்கள் முகமூடி போட்டுக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. நாலு முகமூடி வாங்கி டீம் பையில் போடுங்கள், பல் கட்டுகிற செலவை விடக் குறைவு. மீறி ஒரு பல் முழுசாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்து, டீக்கடையில் கொஞ்சம் பால் வாங்கி அதில் போட்டு, உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது. அதற்கு ஆள் கணக்கு பார்க்கக்கூடாது.

"அப்போ டீமை மூடிட்டுப் போகச் சொல்லுதீங்களா?" என்று கேப்டன் கோபமாகவே கேட்டார். நியாயமான கோபம். ஆள் சேர்க்கிற கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதலாவது, பத்து பேரோடு ஆடுங்கள். ஒரு ஃபார்வர்டைக் குறைத்துக்கொண்டால் ஆட்டம் நடக்கும், நொண்டுகிற பதினொன்றாவது ஆளுக்காக மற்ற பத்து பேரும் ஓடுவதை விட அது மேல். பயிற்சிக்கு எட்டுப் பேர்தான் வந்தார்களா, திருப்பி அனுப்பாமல் பாதி மைதானத்தில் நாலுக்கு நாலு ஆடுங்கள். ஐவர் ஹாக்கிக்கே 2024இல் ஓமனில் உலகக் கோப்பை நடந்தது, அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை. பக்கத்து ஊர் டீமுக்கும் இதே பஞ்சம் என்றால் அந்த சீசனுக்கு இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஒன்பதாவது படிக்கிற பையனை மட்டும் கணக்குக்காகப் பெரியவர்களுக்கு நடுவில் இறக்காதீர்கள்.

அடுத்த நாள் பத்து பேரோடுதான் ஆடினார்கள். ஒன்றுக்கு மூன்று என்று தோல்வி. சென்டர் ஹாஃப் கோட்டுக்கு வெளியே தண்ணீர் கேனோடு உட்கார்ந்திருந்தானாம். இப்போது வாரம் இரண்டு நாள் வந்து ஒற்றைக் காலில் நிற்கிறான். நேற்றைக்கு இருபத்திரண்டு எண்ணும் வரை மேஜையைப் பிடிக்கவில்லை.

கூட வந்த கேப்டன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், நீங்க காலேஜ்ல ஹாக்கி ஆடினவருன்னு சொன்னாங்களே, ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?" என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது. பிரஷர் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.