தலையீத்து நாய்க்குத் துணையிருப்பது

செவலை அன்று காலை சோற்றைத் தொடவில்லை. தாழ்வாரத்தில் விரித்திருந்த சாக்கைக் காலால் பறித்துப் பறித்துச் சுருட்டினாள். படுத்தாள், எழுந்தாள், மூச்சிரைக்க என்னிடம் வந்து முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சாக்கிடம் போனாள். இரண்டு வயது நாட்டு நாய், தலையீத்து, அதாவது முதல் ஈற்று. முந்தின நாள் இரவு அவள் உடல் சூடு 100.6 டிகிரி பாரன்ஹீட். காலையில் பார்த்தால் 98.4. அடுத்த காலைக்குள் குட்டிகள் வந்துவிடும் என்று அந்த இரண்டு டிகிரி சொல்லிவிட்டது.

சூடு ஏன் இறங்குகிறது? சினைக்காலம் முழுக்கக் கருப்பையை அமைதியாக வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். மனிதரில் சில வாரங்கள் கழிந்ததும் நஞ்சுக்கொடியே அதைச் சுரக்க ஆரம்பித்துவிடும். நாயில் அப்படி இல்லை. கடைசி நாள் வரை, சூலகத்தில் முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலங்கள்தான் அதைத் தர வேண்டும். குட்டிகள் முதிர்ந்ததும் அவற்றின் உடலிலேயே கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதன் தூண்டுதலில் தாய்க்குள் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உண்டாகி, மஞ்சள் உடலங்களைச் செயலிழக்க வைக்கிறது. நாளைக் குறிப்பது தாய் அல்ல, உள்ளே இருக்கும் குட்டிகள். புரோஜெஸ்டிரோனுக்கு உடல் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி வைக்கும் குணமும் உண்டு. அது சட்டென்று இறங்கும்போது சூடும் கூடவே இறங்குகிறது. பிறகு உடல் தன்னைச் சரிசெய்துகொண்டு பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அதனால் இறக்கம் சில மணி நேரம்தான் தெரியும். நாளைக்கு ஒருமுறை பார்த்தால் தவறிப்போகலாம். இணை சேர்ந்த 57-ம் நாளிலிருந்து ஆசனவாய் வழியாக நாளைக்கு மூன்று முறையாவது பார்த்து எழுதி வையுங்கள். 99-க்குக் கீழே போனால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈற்றுவலி வந்துவிடும். அந்த நேரம் தாண்டியும் வலி வராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இணை சேர்ந்த தேதியை மட்டும் நம்பி இருக்க முடியாது. முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் கணக்கு ஏறக்குறைய 63 நாள்தான். ஆனால் நாயின் முட்டை முதிராமலே வெளிவந்து, கருவுறத் தயாராக இன்னும் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. ஆண் நாயின் விந்தணுவோ பெட்டையின் உடலுக்குள் ஒரு வாரம்கூட உயிரோடு காத்திருக்கும். அதனால்தான் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணும்போது 57 முதல் 72 நாள் வரை எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கிறது. 55 நாள் தாண்டிய பின் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டால் மண்டையோடுகளை எண்ணிக் குட்டிகள் எத்தனை என்று சொல்லிவிடுவார்கள். செவலைக்கு ஐந்து. இந்த எண் தெரியாமல் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பது பெரிய வேதனை, ஈற்று முடிந்ததா இல்லையா என்றே தெரியாது.

முதல் கட்டத்தில் கருப்பை சுருங்குவது வெளியே தெரியாது. கருப்பை வாய் மெல்லத் திறந்துகொண்டிருக்கும். நாய் நடுங்கும், மூச்சிரைக்கும், சில சமயம் வாந்தி எடுக்கும், இடம் தேடி அலையும். பொதுவாக 6 முதல் 12 மணி நேரம், தலையீத்தில் ஒரு நாளைக்கு மேலும் நீளலாம். இந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியது தண்ணீர் வைத்துவிட்டு, கண்ணில் படும் தூரத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது மட்டுமே. அங்கேதான் நாங்கள் தவறினோம். இரவு எட்டரை மணிக்கு அவள் முக்கத் தொடங்கினாள். சேதி பரவி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், அவர்களின் அம்மா, தெருமுனைக் கடைக்காரர் என்று எட்டுப் பேர் தாழ்வாரத்தில் கூடிவிட்டோம். கையில் செல்போன் விளக்கு. செவலை முக்குவதை நிறுத்திவிட்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போய் ஒளிந்துகொண்டாள்.

அதை அவளுடைய பிடிவாதம் என்று நினைக்கக் கூடாது. கருப்பையைச் சுருங்க வைப்பது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். பயம் வந்தால் சுரக்கும் அட்ரினலின் அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. காட்டில் ஈனும் விலங்குக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. ஆபத்து வந்தால் ஈற்றை நிறுத்தி ஓடிப்போக வேண்டுமே. எல்லோரையும் அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்து, அவளைச் சாக்குக்கு அழைத்து வந்து நான் மட்டும் இருந்தேன். அரை மணி நேரத்தில் வலி திரும்பியது.

வலி ஒருமுறை வலுத்துவிட்டால் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். குட்டி பிறப்புப் பாதையை அழுத்தும்போது நரம்பு வழியே மூளைக்குச் செய்தி போகிறது. மூளை ஆக்சிடோசினை விடுவிக்க, கருப்பை இன்னும் பலமாகச் சுருங்கி, குட்டி இன்னும் பலமாக அழுத்துகிறது. வெளியே வந்து விழுந்தால்தான் இந்தச் சுற்று ஓயும். தலை முன்னால் வந்தாலும் சரி, பின்னங்கால்கள் முன்னால் வந்தாலும் சரி, நாயில் இரண்டும் இயல்பே. பத்துக்கு நான்கு குட்டி பின்னங்கால் வழியாகத்தான் வருகிறது. கால்கள் மடங்கி வால் மட்டும் தெரிந்தால்தான் சிக்கல்.

கடிகாரம் பக்கத்தில் இருக்கட்டும். பலமாக முக்கியும் 20, 30 நிமிடத்தில் குட்டி வராவிட்டால், உள்ளே இன்னும் குட்டி இருக்கிறது என்று தெரிந்தும் இரண்டு மணி நேரம் எதுவும் நடக்காவிட்டால், பாதி வெளிவந்த குட்டி அப்படியே நின்றுவிட்டால் காத்திருக்காதீர்கள். இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும், எந்த வண்டி கிடைக்கும் என்பதை ஒரு வாரம் முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை நிறத்தில் இருக்கிறது. நாயின் நஞ்சுக்கொடி குட்டியைச் சுற்றி ஒரு பட்டை போல அமைந்திருக்கும். அதன் ஓரங்களில் தேங்கும் தாயின் ரத்தம் சிதைந்து கரும்பச்சை நிறமியாகிறது. நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்தால் அந்தப் பச்சை வெளியே வரும். முதல் குட்டிக்குப் பிறகு அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு குட்டிகூடப் பிறக்காத நிலையில் பச்சை தெரிந்தால், உள்ளே ஒரு குட்டிக்குப் பிராணவாயு நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

நடுவில் யாராவது ஆக்சிடோசின் ஊசி ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். குட்டி குறுக்கே அடைத்திருக்கும்போது கருப்பையை இறுக்கினால் கருப்பை கிழியலாம், நஞ்சுக்கொடிகள் முன்னதாகவே பிரிந்து மீதிக் குட்டிகள் சாகலாம். அதை எப்போது போடலாம் என்பதைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

செவலையின் முதல் குட்டி பனிக்குடத்தோடு வந்து விழுந்தபோது அவள் துள்ளிப் பின்வாங்கினாள். அது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. அனுபவப்பட்ட தாயாக இருந்தால் உடனே பல்லால் கிழித்து, நக்கி, தொப்புள்கொடியைக் கடித்துவிடும். தலையீத்தில் இந்தத் தயக்கம் சாதாரணம். ஆனால் குட்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நானே சவ்வை முகத்துப் பக்கம் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, உலர்ந்த துண்டால் முதுகில் அழுத்தித் தேய்த்தேன். அந்தத் தேய்ப்புதான் மூச்சைத் தூண்டுகிறது, தாயின் நாக்கு செய்வதும் இதைத்தான். குட்டியைக் கையில் பிடித்து வீசி ஆட்டும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம், மூளையில் ரத்தம் கசியலாம். கொடியை வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி நூலால் கட்டி, அதற்கு அப்பால் வெட்டி, நுனியில் அயோடின் தொட்டேன்.

அப்புறம் குட்டியைக் கழுவாமல் அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். இது முக்கியம். பனிக்குட நீரின் வாசனையை வைத்துத்தான் தாய் இது தன் குட்டி என்று ஏற்கிறது. சுத்தம் பார்த்துச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டால் ஒதுக்கிவிடவும் கூடும். செவலை முகர்ந்தாள், தயங்கினாள், ஒருமுறை நக்கினாள். பிறகு நிறுத்தவே இல்லை. இரண்டாவது குட்டிக்கு என் கை தேவைப்படவில்லை.

பிறந்த குட்டிக்குக் குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது. உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் முதல் வாரத்தில் கிடையாது, படுக்கையின் பக்கம் 85 முதல் 90 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் என்ன குளிர் என்று தோன்றும். மழை இரவில் வெறும் சிமென்ட் தரை குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும். சாக்கும் பழைய போர்வையும் போட்டு, ஒரு மூலையில் மட்டும் குண்டு பல்பு தொங்கவிடுங்கள். மறு மூலை தாய்க்குக் குளுமையாக இருக்கட்டும். சில்லிட்ட குட்டிக்கு வாயில் பால் ஊற்றக் கூடாது. குடல் இயங்காது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் மெல்லச் சூடாக்க வேண்டும், பிறகுதான் காம்பு.

சீம்பாலுக்கும் நேரக்கணக்கு இருக்கிறது. நாயின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் பத்தில் ஒரு பங்குகூடக் கடப்பதில்லை. மீதி எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அவற்றை உள்ளே விடும் குடலின் கதவு சில மணி நேரத்திலேயே சாத்தத் தொடங்கி, ஒரு நாளில் மூடிவிடும். ஒவ்வொரு குட்டியும் முதல் எட்டு மணி நேரத்துக்குள் காம்பைப் பிடித்ததா என்று பாருங்கள். நஞ்சுக்கொடிகளையும் எண்ணி வையுங்கள். ஒன்றிரண்டைத் தாய் தின்றால் தவறில்லை, உள்ளே தங்கிவிட்டால்தான் காய்ச்சல் வரும்.

சினையில் கால்சியம் மாத்திரை கொடுத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தேவைக்கு மேல் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் பாராதைராய்டு சுரப்பி சோம்பிவிடும். பிறகு பால் சுரப்பு உச்சத்துக்குப் போகும் மூன்றாவது வாரம் போல, ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கித் தாய் நடுங்கும், விறைத்து நடக்கும், வலிப்பும் வரலாம். சிறிய இன நாய்களுக்கு இது அதிகம். கண்டதும் குட்டிகளைப் பிரித்து வைத்து மருத்துவரிடம் ஓட வேண்டும். மெதுவாக நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் சீக்கிரமே அடங்கிவிடும்.

செவலைக்கு அப்படி எதுவும் வரவில்லை. பத்தாம் நாள் சமையலறைத் தராசில் வைத்தபோது ஐந்து குட்டிகளும் பிறந்த எடையைப் போல் இரு மடங்கு இருந்தன. முதல் குட்டி 12-ம் நாள் கண் திறந்தது.